போஸ்ட்கிரெஸ் 14-க்குக் கெடு நெருங்குகிறது: மேம்படுத்தலை எப்படித் திட்டமிடுவது

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 நவம்பர் 12-ஆம் தேதியோடு முடிகிறது. அன்று வரும் சிறு பதிப்புதான், அதாவது திருத்தங்கள் மட்டும் கொண்ட வெளியீடுதான், அதற்குக் கடைசி. மறுநாள் சர்வர் நின்றுவிடாது, எப்போதும்போல ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2027 பிப்ரவரியில் மற்ற பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது, திருத்தப்பட்ட நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதே ஓட்டை 14-இலும் இருந்தால் அதை அடைக்க ஆள் இருக்காது. ஓட்டை எங்கே என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருக்கும்.

பதிப்பு 13-க்கான ஆதரவு 2025 நவம்பர் 13-லேயே முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே வழிதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறோம். கருவிகள், அமைப்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம், முனையத்தில் அவற்றின் ஆங்கில வடிவத்தையே தட்ட வேண்டும்.

மேம்படுத்தும் கட்டளை ஓடி முடிவது பல நேரம் சில நிமிட வேலைதான். வேலையைக் கெடுப்பது அதைச் சுற்றியுள்ளவை: பட்டியலில் விட்டுப்போன ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்), இயங்குதளம் மாறியதால் குலைந்த இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் சுட்டி), எப்போது பின்வாங்குவது என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யாதது. ஆகவே இந்தக் குறிப்பில் கட்டளையைவிட அவற்றுக்கே அதிக இடம்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நவம்பர் 12-ஐ இலக்காக வைக்காதீர்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. விற்பனை, பணப் பரிமாற்றம், பயணச்சீட்டு என்று எதைத் தொட்ட நிறுவனமானாலும் அக்டோபரிலேயே 'எதையும் மாற்றாதே' என்ற பூட்டு விழுந்துவிடும். ஆகவே உண்மையான கெடு செப்டம்பர் கடைசி. போஸ்ட்கிரெஸின் சிறு பதிப்புகள் வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமையில் வரும். ஆகஸ்ட் 13-ஆம் தேதிப் பதிப்பு வந்து இரண்டு வாரம் கழித்து, அந்தப் புதிய சிறு பதிப்பிலேயே போய் இறங்குவது நல்ல கணக்கு.

அதிலிருந்து பின்னோக்கிப் போனால்: கடைசி ஒத்திகை ஆகஸ்ட் நடுவில், முதல் ஒத்திகை ஜூலைத் தொடக்கத்தில், கணக்கெடுப்பு ஜூனில். கணக்கெடுப்புக்கு ஒரு முழு மாதம் வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஊதியப் பட்டியல் நிரலோ, 20-ஆம் தேதி மட்டும் எழும் வரி அறிக்கையோ ஒரு வாரம் பார்த்தால் கண்ணில் படாது.

மேகக்கணிச் சேவையில் இருப்பவர்களுக்குக் கெடு வேறு. சேவை தருபவரின் நாள் போஸ்ட்கிரெஸ் குழுவின் நாளிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். அது கடந்தபின் அமேசான் ஆர்டிஎஸ் போன்றவை பழைய பதிப்பைத் தொடர்ந்து ஓட்டும். ஆனால் 'நீட்டித்த ஆதரவு' என்று ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவுக்கும் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறும். மேலதிகாரியிடம் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க, பாதுகாப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்தக் கட்டணத்தை உங்கள் சிபியு எண்ணிக்கையால் பெருக்கி ஒரு வரியில் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

கையில் என்ன இருக்கிறது

ஒரு விரிதாள் போதும். சர்வருக்கு ஒரு வரி. எழுத வேண்டியவை: சரியான சிறு பதிப்பு எண், இயங்குதளமும் அதன் ஜிலிப்சி (அடிப்படை நூலகம்) பதிப்பும், மொத்த அளவு, மிகப் பெரிய ஐந்து அட்டவணைகள், தரவுச் சரிபார்ப்புத் தொகை (டேட்டா செக்சம்ஸ்) இயக்கத்தில் உள்ளதா, எத்தனை நகல் சர்வர்கள், பேக்கப் எந்தக் கருவியால் எடுக்கப்படுகிறது.

நீட்சிகளை எடுக்கும்போது பலர் ஒரு பிழை செய்கிறார்கள். நீட்சி என்பது சர்வருக்கு இல்லை, தரவுத்தளத்துக்கு. முதன்மைத் தரவுத்தளத்தில் பட்டியல் எடுத்துவிட்டு நிறுத்தினால், மூலையில் யாரோ உருவாக்கிய சோதனைத் தரவுத்தளத்தில் நிறுவப்பட்ட ஒரு நீட்சி மேம்படுத்தும் இரவில் வேலையை நிறுத்தும். ஒவ்வொரு தரவுத்தளத்திலும் பிஜி_எக்ஸ்டென்ஷன் அட்டவணையைக் கேளுங்கள். கேட்டபின், யாருக்கும் தேவையில்லாத தரவுத்தளங்களை அழிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

மேலும் நான்கைப் பாருங்கள். முடிக்கப்படாமல் தொங்கும் இருகட்டப் பரிமாற்றங்கள் (முதலில் தயார் செய்து, பிறகு உறுதிசெய்யப்படுபவை) உள்ளனவா? பிஜி_பிரிப்பேர்டு_சாக்ட்ஸ் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேம்படுத்தல் தொடங்கவே தொடங்காது. பிரதியெடுப்பு ஸ்லாட்டுகள், அதாவது மாற்றங்களைப் பெறுபவர் எதுவரை பெற்றார் என்று குறித்துவைப்பவை, உள்ளனவா? பழைய சர்வர் 17-க்கு முந்தையது என்றால் ஸ்லாட்டுகள் புதியதற்கு வராது. டெபீசியம் போன்ற கருவி அதைப் பிடித்துத் தரவு எடுத்துக்கொண்டிருந்தால் அதன் உரிமையாளரோடு தனியாகப் பேச வேண்டும். பெரும் பொருள்கள் (தரவுத்தளத்துக்குள் தனியாகச் சேமித்த பெரிய கோப்புகள்) எத்தனை? பல லட்சம் இருந்தால் பிஜி_அப்கிரேட் (மேம்படுத்தும் கருவி) அதிலேயே நேரத்தையும் நினைவகத்தையும் தின்னும். பயனர் அட்டவணைகளில் ரெக்ப்ராக், ரெக்கான்ஃபிக் போன்ற வகையில் நெடுவரிசை இருக்கிறதா? இருந்தால் பிஜி_அப்கிரேட் மறுத்துவிடும். ரெக்கிளாஸ், ரெக்டைப், ரெக்ரோல் மூன்றுக்கும் தடையில்லை.

யார் யார் இணைகிறார்கள் என்பதை பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு அட்டவணையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்: பயனர் பெயர், ஐபி, நிரல் பெயர். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைக் காட்டினால், 'இது யாருடையது?' என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கும் இணைப்பு குறைந்தது ஒன்றாவது இருக்கும்.

17-ஆ, 18-ஆ

14-இலிருந்து 15, 16 என்று படிப்படியாக ஏற வேண்டியதில்லை, நேராகத் தாவலாம். எவ்வளவு தூரம் தாவுகிறீர்களோ அத்தனை பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்தாக வேண்டும், அவ்வளவுதான். 17-க்கு 2029 நவம்பர் 8 வரை ஆதரவு உண்டு; 18-க்கு 2030 நவம்பர் 14 வரை. ஒரு வருடம் கூடுதல் ஆயுள் என்பது ஒரு மேம்படுத்தலை ஒத்திப்போடுவது, ஆகவே 18-ஐ முதலில் எடைபோடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு நீட்சியோ, விலை கொடுத்து வாங்கிய மென்பொருளோ 18-ஐ இன்னும் ஏற்கவில்லை என்றால் 17. எதுவானாலும் புள்ளி பூஜ்ஜியம் (18.0 போன்ற முதல் வெளியீடு) வந்த வாரத்தில் போகாதீர்கள். 15-க்குப் போவது வீண். 2027 நவம்பர் 11-இல் மறுபடி இதே வேலை.

போகும் முன் பழைய சர்வரை அதன் வரிசையின் கடைசிச் சிறு பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்ஜிஐஎஸ் (வரைபடத் தரவுக்கான நீட்சி) இருந்தால் அதையும் பழைய சர்வரிலேயே, புதிய சர்வரில் கிடைக்கும் அதே பதிப்புக்கு முதலில் ஏற்றிவிடுங்கள். இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது உடைந்தது என்றே தெரியாது.

இடையில் எவை மாறின

வெளியீட்டுக் குறிப்புகள் நீளமானவை. நடைமுறையில் அடிக்கடி காலை வாருபவை இவை.

15-இல் பழைய முறை பேக்கப் தொடக்கம் நீக்கப்பட்டது. பிஜி_ஸ்டார்ட்_பேக்கப் என்ற செயற்கூறு பிஜி_பேக்கப்_ஸ்டார்ட் ஆனது, நிறுத்துவதற்கும் அப்படியே. யாரோ எப்போதோ எழுதிய ஷெல் நிரல் அந்தப் பழைய பெயரை அழைத்தால் பிழை வரும். அந்த நிரல் பிழையைக் கவனிக்காமல் தொடரும்படி எழுதப்பட்டிருந்தால் பேக்கப் இல்லாமலேயே வாரங்கள் ஓடும். பப்ளிக் ஸ்கீமாவில் (எல்லோருக்கும் பொதுவான அட்டவணைப் பிரிவு) யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற உரிமையும் 15-இல் போயிற்று. பிஜி_அப்கிரேட் வழியாக வரும் பழைய தரவுத்தளங்களில் பழைய உரிமை அப்படியே வரும். புதிதாக உருவாக்குபவற்றில் மட்டுமே இந்தத் தடை. ஆகவே பழையது ஓடும், அடுத்த மாதம் புது வாடிக்கையாளருக்கு உருவாக்கும் தரவுத்தளம் அனுமதி இல்லை என்று நிற்கும்.

16-இல் புரமோட்_ட்ரிகர்_ஃபைல், வேக்யூம்_டிஃபர்_கிளீனப்_ஏஜ் ஆகிய அமைப்புகள் நீக்கப்பட்டன, 17-இல் ஓல்டு_ஸ்னாப்ஷாட்_த்ரெஷோல்டு. தெரியாத அமைப்பு ஒன்று கோப்பில் இருந்தால் போஸ்ட்கிரெஸ் எச்சரித்துவிட்டு நகராது, எழும்பவே மறுக்கும். எனவே பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். பிஜி_செட்டிங்ஸில் 'கோப்பிலிருந்து வந்தவை' என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் பட்டியலெடுத்து, புதிய கோப்பில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆல்டர் சிஸ்டம் வழியாக மாற்றியவை தனிக் கோப்பில் இருக்கும், அதை மறந்தால் நினைவக அமைப்பு தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்.

17-இல் செக்பாயிண்ட் (நினைவகத்து மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) எண்ணிக்கைகள் பிஜி_ஸ்டாட்_பிஜிரைட்டரிலிருந்து பிஜி_ஸ்டாட்_செக்பாயிண்டருக்கு நகர்ந்தன. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸில் சில நெடுவரிசைகளின் பெயரும் மாறியது. கண்காணிப்புத் திரை வெறுமையாகும், அதுவும் நீங்கள் அதை அதிகம் பார்க்க வேண்டிய நாளில். இதைவிட நுட்பமானது: ரீஇண்டெக்ஸ், அனலைஸ், மெட்டீரியலைஸ்டு வியூ புதுப்பித்தல் முதலிய பராமரிப்பு வேலைகள் 17 முதல் பாதுகாப்பான தேடல் பாதையில் (சர்ச்_பாத்) ஓடுகின்றன. இண்டெக்ஸிலோ வியூவிலோ பயன்படும் செயற்கூறு, தன் உள்ளே ஸ்கீமா பெயர் இல்லாமல் ஒரு அட்டவணையையோ அன்அக்சென்ட் போன்ற நீட்சியின் செயற்கூற்றையோ அழைத்தால், 'அப்படி ஒன்று இல்லை' என்று விழும். செயற்கூற்றோடு தேடல் பாதையை எழுதிவைத்தால் தீர்ந்தது. இதை இப்போதே, 14-இலேயே செய்யலாம்.

18-க்குப் போகிறவர்களுக்கு: புதிய தொகுப்பை (ஒரு சர்வரின் எல்லாத் தரவுத்தளங்களும் அடங்கிய கிளஸ்டர்) உருவாக்கும்போது சரிபார்ப்புத் தொகை தானாகவே இயக்கப்படும். பழையதில் அது இல்லையென்றால் பிஜி_அப்கிரேட் 'பொருந்தவில்லை' என்று நிற்கும். பழைய சர்வரை நிறுத்திவைத்து பிஜி_செக்சம்ஸ் கருவியால் இயக்கலாம். எல்லாப் பக்கங்களையும் எழுதியாக வேண்டும் என்பதால் பெரிய தரவுக்கு மணிக்கணக்காகும். நேரமில்லையென்றால் புதியதைச் சரிபார்ப்புத் தொகை இல்லாமல் உருவாக்குங்கள்.

13-இலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. 14 முதல் கடவுச்சொல் குறியாக்கம் இயல்பாகவே ஸ்க்ராம் முறை. பழைய கடவுச்சொற்கள் எம்டி5 வடிவிலேயே வந்து வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து யாராவது ஒருவர் கடவுச்சொல்லை மாற்றுவார், அன்று அது ஸ்க்ராம் ஆகும், 42.2-க்கு முந்தைய ஜேடிபிசி இயக்கி வைத்திருக்கும் பழைய ஜாவா நிரல் இணைய மறுக்கும். அதை மேம்படுத்தலோடு யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள்.

எழுத்து வரிசை: சத்தமில்லாமல் கெடும் இடம்

இதற்கு மட்டும் ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியைப் பெரும்பாலும் தானே வைத்திருப்பதில்லை, இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த விதிகள் பெருமளவு மாறின. ரெட்ஹாட் 7, உபுண்டு 18.04 ஆகியவை அதற்கு முந்தையவை. ரெட்ஹாட் 8, டெபியன் 10, உபுண்டு 20.04 பிந்தையவை. 'மேம்படுத்துவதோடு சர்வரையும் புதிதாக்கிவிடலாமே' என்று பழைய இயங்குதளத்திலிருந்து புதியதற்குத் தரவுக் கோப்புகளை நகர்த்தினால், இண்டெக்ஸ் பழைய வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும், தேடுவது புதிய வரிசைப்படி நடக்கும்.

விளைவு: பில் எண் அட்டவணையில் இருக்கும், தேடினால் இல்லை என்று வரும். தனித்தன்மை இண்டெக்ஸ் இருந்தும் அதே எண் இரண்டாவது முறை நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆங்கிலமும் எண்ணும் மட்டும்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. '1-1', '11' என்ற இரண்டையும் ஆங்கில அமைப்பில் வரிசைப்படுத்திப் பாருங்கள்: பழைய நூலகம் 11-ஐ முதலில் வைக்கும், புதியது 1-1-ஐ. நடுவில் கோடு போட்ட பில் எண்களும் கணக்கு எண்களும் எத்தனை அட்டவணைகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்வு நேரானது. தரவுக் கோப்புகளை அப்படியே நகர்த்தும் எந்த முறையிலும், இயங்குதளம் மாறினால், எழுத்து வகை நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்டுங்கள். எழுத்து நெடுவரிசையின் மேல் வீச்சுப்படி பிரிக்கப்பட்ட பார்ட்டிஷன்கள் இருந்தால் வரிகள் தவறான பிரிவில் இருக்கக்கூடும், அவற்றையும் சரிபாருங்கள். ஆம்செக் நீட்சியால் இண்டெக்ஸ்களைச் சோதிக்கலாம். ஒத்திகையில் இதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தனியாகக் குறியுங்கள், பல இடங்களில் மேம்படுத்தலைவிட இதுவே நீளம். சி எழுத்து வரிசையில் இருக்கும் தரவுத்தளங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; அது வெறும் எண்மதிப்பு ஒப்பீடு. ஆனால் அதில் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் யூனிகோடு வரிசையில்தான் வரும்: சகரத்தை அடுத்து ஜகரம், நகரத்தை அடுத்து னகரம், ழகரத்துக்குப் பின் வகரம். திரையில் அகரவரிசை வேண்டுமென்றால் கேள்வியிலேயே ஐசியு (யூனிகோடு நூலகம்) வரிசையைக் குறிப்பிட வேண்டும்.

இயங்குதள மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் மாற்றத்தையும் ஒரே இரவில் செய்யாமலிருப்பது இன்னும் நல்லது. செய்தே ஆக வேண்டுமென்றால் டம்ப் எடுத்து ஏற்றுவதோ தருக்கப் பிரதியெடுப்போதான் பாதுகாப்பு, ஏனென்றால் இரண்டிலும் இண்டெக்ஸ் புதிய இடத்தில் புதிதாகக் கட்டப்படும்.

மூன்று வழிகளில் எது

சிறிய தரவுத்தளத்துக்கு, அதாவது சில பத்து ஜிபிக்குள், பிஜி_டம்ப் எடுத்து ஏற்றுங்கள். யோசிக்க எதுவும் இல்லை. புதிய பதிப்பின் பிஜி_டம்ப்பையே பயன்படுத்துங்கள், கோப்புறை வடிவில், நான்கு அல்லது எட்டு இணை வேலைகளாக. பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதில் வராது. அவற்றை பிஜி_டம்ப்ஆல் கருவியின் 'பொதுவானவை மட்டும்' தெரிவால் தனியே எடுக்க வேண்டும். வீங்கிய அட்டவணைகள் இளைப்பதும் இதில் கிடைக்கும் இலவச லாபம்.

அதற்கு மேல் பிஜி_அப்கிரேட். இது அமைப்பு அட்டவணைகளை மட்டும் புதிதாக எழுதிவிட்டு, தரவுக் கோப்புகளை நகலெடுக்கும் அல்லது இணைப்பு (லிங்க்) முறையில் அதே கோப்புகளுக்கு இன்னொரு பெயர் கொடுக்கும். நகல் முறைக்கு அதே அளவு காலி டிஸ்க் வேண்டும், 2 டிபி என்றால் இன்னொரு 2 டிபி. இணைப்பு முறையில் 2 டிபியும் சில நிமிடத்தில் முடியும், இரண்டு கோப்புறைகளும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது அளவல்ல, பொருள்களின் எண்ணிக்கை: வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்கீமா என்று ஐம்பதாயிரம் அட்டவணைகள் வைத்திருப்பவர்கள் 20 ஜிபிக்கே அரை மணி நேரம் காத்திருக்க நேரலாம். எக்ஸ்எஃப்எஸ் ரீஃப்ளிங்க்கோடு இருந்தால் குளோன் முறையைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பின் வேகமும் நகலின் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும்.

சில நிமிடத்துக்கு மேல் நிறுத்தவே முடியாது என்றால் தருக்கப் பிரதியெடுப்பு. புதிய சர்வரை அருகில் எழுப்பி, பழையதிலிருந்து மாற்றங்களை ஓடவிட்டு, சமமானதும் திருப்பிவிடுவது. கேட்க எளிது, உழைப்பு மூன்று மடங்கு. அட்டவணை அமைப்பு மாற்றங்கள் தானாகப் போகாது, சீக்குவென்ஸ் (தானாக ஏறும் எண்) மதிப்புகள் போகாது, பெரும் பொருள்கள் போகாது. திருப்பும் நேரத்தில் சீக்குவென்ஸ்களைச் சற்று முன்தள்ளி வைக்காவிட்டால் முதல் ஆர்டரே முதன்மைத் திறவுகோல் மோதலில் விழும். வால் (மாற்றங்களின் பதிவு) லெவலை லாஜிக்கல் ஆக்க பழைய சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மிக மோசமான பொறி ஒன்று உண்டு: முதன்மைத் திறவுகோல் இல்லாத அட்டவணையைப் பிரசுரத்தில் (அனுப்ப வேண்டிய அட்டவணைகளின் பட்டியல்) சேர்த்த கணமே, உற்பத்திச் சர்வரில் அந்த அட்டவணையின் அப்டேட்டும் டிலீட்டும் பிழை தரும். 'எல்லா அட்டவணைகளும்' என்று பிரசுரம் போடும் முன் திறவுகோல் இல்லாதவற்றைப் பட்டியலெடுத்துச் சரிசெய்யுங்கள். பெறும் சர்வர் நின்றுபோனால் அனுப்பும் சர்வரின் வால் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பும். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. படிமத்தின் எண்ணை 14-இலிருந்து 17 என்று மாற்றி எழுப்பினால் 'தரவுக் கோப்புகள் பொருந்தவில்லை' என்று நிற்கும். அந்த எரிச்சலில் வால்யூமை அழித்துவிடாதீர்கள். 18-இன் அதிகாரபூர்வப் படிமத்தில் தரவு இருக்கும் பாதையே மாறிவிட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை

உண்மையான பேக்கப்பிலிருந்து, அதே வகைக் கணினியில், அதே வகை டிஸ்க்கில். பத்தில் ஒரு பங்கு மாதிரித் தரவில் செய்த ஒத்திகை நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இதில் பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சில இடங்களில் ஒத்திகையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பே அதுதான்.

முதல் ஓட்டம் பிஜி_அப்கிரேடின் 'செக்' தெரிவோடு. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம், எதையும் மாற்றாது. நீட்சிகளின் நூலகங்கள் புதியதில் இல்லையென்றால் இங்கேயே பெயரோடு சொல்லிவிடும். மொழி அமைப்பையும் குறியாக்கத்தையும் 16 முதல் பிஜி_அப்கிரேட் தானே பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் புதியதை உருவாக்கும்போது பழையதன் அதே நிறுவல் பயனர் பெயர் கொடுக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் புதிய பதிப்பை நிறுவியதுமே 5433 போர்ட்டில் ஒரு காலித் தொகுப்பு தானாக எழும்பும். பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தக் காலித் தொகுப்பை அழியுங்கள். அழிக்கும் முன் பதிப்பு எண்ணை இருமுறை படியுங்கள்.

இரண்டாவது ஓட்டம் முழுமையானது, கடிகாரத்தோடு. ஒவ்வொரு படிக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸிலிருந்து மொத்த நேரத்தில் முதல் இருபது கேள்விகளை எடுத்து, பழையதிலும் புதியதிலும் அவற்றின் செயல் திட்டத்தை ஒப்பிடுங்கள். அந்தப் புள்ளிவிவரம் மேம்படுத்தலில் கூட வராது என்பதால் முன்பே வெளியே எடுத்துச் சேமியுங்கள். கிடைத்த மொத்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஓட்டத்தை, அந்த இரவில் விசைப்பலகையில் உட்காரப்போகும் ஆள், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். குறிப்பில் இல்லாத ஒன்றை அவர் கேட்டால் குறிப்பில் சேருங்கள்.

திரும்ப முடியாத கோடு

இதை இரவு ஒரு மணிக்கு விவாதிக்கக் கூடாது. இணைப்பு முறையில் புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதை இனி எழுப்ப முடியாது. இரண்டும் ஒரே கோப்புகளைப் பகிர்கின்றன. நகல் அல்லது குளோன் முறையில் பழையது பத்திரமாக இருக்கும், ஆனால் புதியதில் பயனர்கள் எழுதத் தொடங்கியபின் பழையதற்குத் திரும்பினால் அந்த எழுத்துகள் போய்விடும்.

நகல் சர்வர் இருந்தால் மலிவான காப்பீடு ஒன்று உண்டு. நிரல்களை நிறுத்தியபின் முதன்மைச் சர்வரை முறையாக அணைத்து, நகல் முழுவதும் எட்டிப்பிடித்துவிட்டதை பிஜி_கண்ட்ரோல்டேட்டாவின் கடைசி செக்பாயிண்ட் இடத்தை இரண்டிலும் ஒப்பிட்டு உறுதிசெய்து, நகலையும் அணைத்து அப்படியே ஒதுக்கிவையுங்கள். மேம்படுத்தல் சொதப்பினால் அதை முதன்மையாக்கி எழுப்ப ஐந்து நிமிடம்.

பிறகு கணக்கு. இரவு 10 முதல் 2 வரை அனுமதி, பின்வாங்கி எல்லாவற்றையும் சோதிக்க 40 நிமிடம் என்றால், முடிவு நேரம் 1.20. அந்நேரத்தில் எழுதிவைத்த சோதனைகள் தேறவில்லையென்றால் பின்வாங்கல்தான். 'இன்னும் பத்தே நிமிடம்' என்பதற்கு இடமில்லை. முடிவெடுக்கும் ஆள் ஒருவர், அவர் விசைப்பலகையில் உட்காராதவராக இருக்கட்டும்.

அந்த இரவு

1. கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலைகளையும் கண்காணிப்பு எச்சரிக்கைகளையும் நிறுத்துங்கள். பிஜிபவுன்சர் (இணைப்புகளை இடைநின்று பகிரும் கருவி) இருந்தால் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) கட்டளை. மிச்சமிருக்கும் இணைப்புகளைப் பார்த்துத் துண்டியுங்கள்.
2. 'செக்' ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். நேற்று யாராவது புதிய நீட்சி நிறுவியிருக்கலாம்.
3. கடைசி பேக்கப் முடிந்ததை உறுதிசெய்யுங்கள். பழையதை முறையாக அணையுங்கள். நகலை ஒதுக்குங்கள்.
4. பிஜி_அப்கிரேடை இணை வேலைகளோடு ஓட்டுங்கள். விழுந்தால், புதிய தரவுக் கோப்புறைக்குள் பிஜி_அப்கிரேட்_அவுட்புட்.டி என்ற கோப்புறையில் காரணம் இருக்கும்.
5. பிஜி_எச்பிஏ கோப்பும் அமைப்புக் கோப்பும் தானாக வராது. உங்கள் கணினிக்கு மட்டும் வழிவிடும் எச்பிஏ கோப்போடு எழுப்புங்கள்.
6. அது உருவாக்கித் தந்த நீட்சி மேம்படுத்தல் நிரலை ஓட்டுங்கள். தேவையானால் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுங்கள்.
7. புள்ளிவிவரம் எடுங்கள். அதன்பிறகே கதவைத் திறங்கள்.

ஏழாவது படியைத் தவிர்த்துத்தான் பலர் 'புதிய பதிப்பு மெதுவாக இருக்கிறது' என்ற முடிவுக்கு வருகிறார்கள். 17 வரை, திட்டமிடுவான் (கேள்வியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பகுதி) பயன்படுத்தும் புள்ளிவிவரம் பிஜி_அப்கிரேடில் கூட வராது. அது இல்லாமல் பத்துக் கோடி வரி அட்டவணையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இண்டெக்ஸை விட்டு முழு அட்டவணையையும் படிக்கும், திங்கள் காலை சிபியு நூறைத் தொடும். வேக்யூம்டிபி கருவியின் 'கட்டங்களாக அனலைஸ்' தெரிவு முதலில் மிகக் கரடுமுரடாகவும் பிறகு படிப்படியாகத் துல்லியமாகவும் எடுக்கும். மூன்று கட்டமும் முடியும்வரை காத்திருக்க நேரம் இருந்தால் காத்திருங்கள். 18-இல் புள்ளிவிவரம் பெரும்பாலும் கூடவே வரும், விரிவாக்கப்பட்ட புள்ளிவிவரம் தவிர. அங்கே 'விட்டுப்போனவை மட்டும்' தெரிவோடு ஓட்டிவிட்டு, பின்னர் முழு அனலைஸ் ஒன்று ஓட்டுங்கள்; ஆட்டோவேக்யூம் (தானாக ஓடும் துப்புரவு வேலை) நம்பும் எண்ணிக்கைகள் எந்தப் பதிப்பிலும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கும்.

மறுநாளும் அதன் பிறகும்

உடனே ஒரு முழு பேக்கப் எடுங்கள். பழைய பேக்கப்பும் வால் கோப்புகளும் புதிய சர்வருக்கு உதவாது. மேம்படுத்திய கணத்தைத் தாண்டி அவற்றால் மீட்க முடியாது. பேக்கப் கருவி பிஜிபேக்ரெஸ்ட் என்றால் அதற்கென்றே இருக்கும் ஸ்டான்சா மேம்படுத்தல் கட்டளையை ஓட்டினால்தான் வால் சேமிப்பு தொடரும். மற்ற நகல் சர்வர்களை பிஜி_பேஸ்பேக்கப்பால் புதிதாக எழுப்புங்கள். ஒதுக்கிவைத்த நகலை மட்டும் ஒரு வாரத்துக்குத் தொடாதீர்கள்.

பழையதை அழிக்கும் நிரலை பிஜி_அப்கிரேட் தானே எழுதி வைத்திருக்கும். டிஸ்க் நெருக்கடி இல்லையென்றால் ஒரு மாதக் கடைசி கடக்கும்வரை அதை ஓட்ட வேண்டாம். கணக்கெடுப்பில் கண்ட ஊதியப் பட்டியலும் வரி அறிக்கையும் புதியதில் ஒருமுறை முழுதாக ஓடி முடியட்டும். பிறகு பழைய தொகுப்பை நீக்கலாம். ஆனால் 14-இன் நிறுவல் கோப்புகளை, பயன்படுத்திய நீட்சிகளோடு சேர்த்து, பேக்கப் இருக்கும் அதே இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். தணிக்கைக்காக ஏழு வருடம் பேக்கப் வைத்திருக்க வேண்டிய நிறுவனத்தில், 2030-இல் யாராவது 2025-ஆம் ஆண்டுத் தரவைக் கேட்டால், அந்தக் கோப்புகளைத் திறக்க 14 மட்டுமே உதவும்.